ஆறு மணிச் சங்கும் பத்துக் கைகளும்

கம்ப்யூட்டரை விரலால் தட்டிப் பார்த்து வாங்கிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அவர் என் முதலாளி. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் தனக்கிருந்த மாடி அறை சும்மா கிடக்கிறதே என்று அதில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தார். எல்லோரையும் போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என் வயதுக்கு அந்தப் பெயர் ஒரு நம்பர் பெரிய செருப்புதான். ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

சென்டர் என்று பெரிதாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தச் சென்டரில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாலை வகுப்புக்கு வந்தவர்கள் பத்துப் பேர், எல்லோரும் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் உட்கார்ந்து தட்ட, ஒன்பது பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். முறை வராதவர்களுக்கு நான் அட்டையில் கீபோர்டு வரைந்து கொடுத்திருந்தேன். இரும்பை முடியளவுக்குச் சீவத் தெரிந்த லேத் ஆபரேட்டர்கள் அட்டையின் மேல் விரல் வைத்து டைப் அடித்துப் பழகினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான்தான் போர்டில் எழுதுவது போலத் திரும்பி நின்று சிரித்துக்கொள்வேன்.

இதில் என் பொய்யும் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே, பத்துக் கம்ப்யூட்டர் இருக்கும் இடம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். அவர் அதை பஸ் கண்டக்டர் வரைக்கும் பரப்பிவிட்டார். காலையில் டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர், "இன்னா மேடம், பத்தும் நல்லா ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுண்ணா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டில் அப்பா மாற்று ஏற்பாடும் வைத்திருந்தார். "அங்க சரிப்படலைன்னா வந்துடு. ராகி முத்துற நேரம், யானை எறங்குது. தகரம் தட்ட ஒரு ஆள் கொறையுது" என்பார். பாதி கிண்டல். மீதிப் பாதியை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

பாய்க்கும் அட்டைக் கீபோர்டைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெங்களூரில் ஓர் ஆபீசைக் காலி செய்கிறார்கள், பழைய கம்ப்யூட்டர்கள் மலிவாக வருகின்றன என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் பத்தை வாங்கி வந்துவிட்டார். மண்டியில் துண்டு போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவது அவர் வழக்கம். அங்கேயும் அப்படித் துண்டை எடுத்திருக்கிறார். ஆபீஸ் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்ற பெங்களூர் கடைக்காரர் கையை உதறிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாராம்.

டெம்போவிலிருந்து இறக்கி மாடிக்கு ஏற்றி, முதல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். அதிலும் இல்லை. பத்திலும் இல்லை. ஆபீஸ் விஷயங்கள் வெளியே போகக் கூடாதென்று கழற்றிக்கொண்டுதான் விற்றிருக்கிறார்கள்.

"பாய், வாங்கறப்போ உள்ள தொறந்து பார்க்கலியா?"

"தட்டிப் பார்த்தேனே டீச்சரம்மா. தூக்கியும் பார்த்தேன். கனமாத்தான் இருந்துச்சு."

"உள்ள முக்கியமானதே இல்லையே!"

"மாங்கா வாங்கறவன் கொட்டையை ஒடைச்சுப் பார்த்தா வாங்குவான்?" என்றார். பேச்சில் அவரை மடக்க முடியாது. ஆனால் முகம் சுண்டிப் போயிருந்தது.

விற்றவர் ஒரு வாக்கு மட்டும் கொடுத்திருந்தார். இரண்டு வாரம். இரண்டாவது சனிக்கிழமை ராத்திரி கடை சாத்துவதற்குள் கொண்டுவந்தால் பத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வார். இதைக் கேட்டதும் பாயின் மச்சானுக்கு முகம் மலர்ந்தது. அவர் ஓசூரிலேயே கல்யாணங்களுக்கு ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். கம்ப்யூட்டர் போய்விட்டால் அந்த அறையில் நாற்காலிகளை அடுக்கலாம் என்று ரொம்ப நாளாகவே கண். அன்றைக்கே டேப் எடுத்துவந்து சுவரை அளந்தார். நான் நின்றுகொண்டிருந்த இடத்தையும் என்னை நகரச் சொல்லிவிட்டு அளந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் யோசிக்காமல் பேசிவிட்டேன். "திருப்ப வேணாம் பாய். ஹார்ட் டிஸ்க் இல்லாமயே பத்தையும் நான் ஓட்டிக் காட்டறேன்."

முழுக்க வாய்ச்சவடால் என்றும் சொல்ல முடியாது. பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவச சிடி ஒன்று வந்திருந்தது. லினக்ஸ். அதற்குள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த குறிப்புகளில் ஒன்று, டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை எப்படிக் கம்பி வழியாகவே எழுப்புவது என்பதைப் பற்றியது. அதை நான் படித்திருந்தேன். செய்ததில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போது தெரியாது.

பாய்க்கு விளக்கினேன். டிஸ்க் இருக்கிற நம் பழைய கம்ப்யூட்டரைப் பெரியதாக வைத்துக்கொள்வோம். மற்ற பத்தும் எழுந்ததும், ஒரு ஃப்ளாப்பியின் தயவில், "நான் யார்?" என்று கம்பியில் ஒரு குரல் கொடுக்கும். பெரியது தன் பட்டியலைப் பார்த்து, "நீ ஏழாம் நம்பர். இந்தா உனக்கு வேண்டியது" என்று எல்லாவற்றையும் கம்பியிலேயே அனுப்பிவிடும். சின்னதுகளுக்குச் சொந்தமாக எதுவும் தேவையில்லை.

"ஒரே தேக்சாவுல ஆக்கி, பத்துத் தட்டுல போடற மாதிரி" என்றார் பாய்.

"அதேதான்."

"யார் செஞ்சது இந்த லினக்ஸை?"

"உலகம் பூரா நெறைய பேர் சேர்ந்து செஞ்சாங்க பாய். சும்மா குடுக்கறாங்க. உள்ள எப்படி எழுதியிருக்குன்னுகூட யார் வேணா பார்த்துக்கலாம்."

"சும்மாவா?" அவர் முகம் சந்தேகத்தில் சுருங்கியது. மண்டியில் சும்மா கொடுப்பது அழுகலை மட்டும்தான். "தொறந்து காட்டிட்டுக் குடுக்கறாங்கன்னா நம்பலாம். என்கிட்ட மூடித்தானே வித்தான் அவன்" என்றார். எனக்கு இரண்டு வாரம் கிடைத்தது.

முதல் வாரம் முழுக்கத் தோல்விதான். அறையின் ஒரு மூலையில் பிளைவுட் தடுப்பு வைத்து அதற்குப் பின்னால் பெரிய கம்ப்யூட்டரை வைத்தேன். ஆபீஸ்காரர்கள் புண்ணியத்தில் பத்திலும் நெட்வொர்க் கார்டு அப்படியே இருந்தது. கம்பியை நானே இழுத்து, முனைகளை நானே முறுக்கி, ஒவ்வொரு கார்டின் நம்பரையும் ரேஷன் கார்டில் குடும்பத்தாரை எழுதுவது போலப் பட்டியலில் எழுதினேன். சின்னது குரல் கொடுக்கும், பெரியது பதில் சொல்லாது. பெரியது பதில் சொன்னால் சின்னதின் காதில் விழாது. இரண்டும் பேசிக்கொண்டால், பாதியில் ஏதோ கோபம் வந்தது போல நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் குறிப்பைப் படிப்பேன்.

ஒரு பகலில், திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, கடைசியில் நின்று, "login" என்று கேட்டது. உள்ளே மாங்கொட்டை இல்லாத பெட்டி, நீ யார் என்று என்னைக் கேட்கிறது! நான் போட்ட கூச்சலில் கீழே வெல்டிங் பட்டறைக்காரர் முகமூடியோடு மாடிக்கு ஓடிவந்தார். ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். கையில் உலர்ந்த கட்டை ஒன்று வேறு. கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இஷ்டேனா? இதுக்கா கத்தனீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். இவ்வளவுதானா என்று கேட்கிறார்! அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு ஒரு கணக்கு விழுந்தது.

ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதுதான். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை பகலில், ஒவ்வொன்றாகச் சுவிட்ச் போட்டுக்கொண்டே அறையைச் சுற்றிவந்தேன். பத்தும் எழுந்தன. சாயங்காலம் அட்டைக் கீபோர்டுகளை எல்லாம் கட்டி மூலையில் போட்டேன். ஆளுக்கொரு இடம் காட்டினேன். ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு, பெரியதைப் பார்த்துக்கொள்ளத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

தொழிற்பேட்டையில் ஆறு மணிச் சங்கு ஊதியது. ஒரு நிமிடம் கழித்து அறையிலிருந்து மூன்று மொழியில் குரல் வந்தது.

"ஏனாய்த்து மேடம்?"

"ஏமைந்தி மேடம்?"

"இன்னா ஆச்சு மேடம்?"

மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே. மூன்று கம்ப்யூட்டர்தான் வந்திருந்தது. மற்ற ஏழும் பாதியில் நின்று முழித்தன. கம்பியை அசைத்தேன், முனைகளை முறுக்கினேன், குனிந்து நிமிர்ந்து வியர்த்து, ஒரு பத்து நிமிடம் கழித்து நானே ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டேன். சமர்த்தாக எழுந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. முந்தைய நாள் வந்த மூன்றும் அன்று வரவில்லை, வேறு நான்கு வந்தது. மறுபடி நான் ஒவ்வொன்றாகத் தொட்டேன், மறுபடி எல்லாம் வந்தது. வகுப்பிலேயே மூத்தவர் ஒரு லேத் ஆபரேட்டர், எல்லோருக்கும் அண்ணன். அவர் முடிவாகச் சொன்னார். "மேடம், இது ராசி. உங்க கை ராசியான கை. எங்க கை இரும்புக் கை. இனிமே நீங்களே போட்டுக் குடுத்துடுங்க." ஒன்பது தலைகளும் ஆடின. பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த எனக்குக்கூட, என் கையை ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றியது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பாயிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, நீங்க ஒரு நாள் லீவு போட்டா?"

நான் கம்பி முனை ஒன்றை எடுத்து முறுக்க ஆரம்பித்தேன்.

"கை ராசிய நம்பி நான் கடை நடத்த முடியாது. சனிக்கெழமை ஆறு மணிக்கு வரேன். டெம்போவை கீழ நிறுத்தி வெக்கறேன். பசங்களே போடணும், பத்தும் வரணும், நீங்க தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கணும். வந்துச்சுன்னா எல்லாம் இங்கயே இருக்கட்டும். வரலைன்னா ஏத்திடலாம். அறைய மச்சானுக்கு விட்டுடறேன்." கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் பத்தும் ஓடுகிறதா என்று கேட்டபோது, தூங்குவது போல இருந்துவிட்டேன்.

அந்த அறை எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பிளைவுட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஆறடி இடத்தில் நான் சொன்னபடி ஒன்று நடந்தது, நடக்காவிட்டால் ஏன் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேறெங்கும் எனக்கு அப்படி ஓர் இடம் இருந்ததில்லை. அதில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கப் போகிறார்கள்.

பகலில் வருகிறது, மாலையில் வரவில்லை. அப்படியென்றால் மாலையில் என்ன இருக்கிறது? கீழே வெல்டிங் இருக்கிறது! கேட்டும் கிரில்லும் செய்கிற அந்தப் பட்டறையில் சாயங்காலம்தான் வேலை மும்முரம். அவர் பொறி பறக்க விடும்போதெல்லாம் என் கம்பியில் ஏதோ குழப்பம் ஆகிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில், வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நிற்கும்போதே போய்ச் சண்டை போட்டேன். பழைய கணக்கையும் சேர்த்துத் தீர்த்தேன். மனிதர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னைக்கு ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் மெஷினை தொட மாட்டேன். ஆமேலே நீங்களே ஹேளி" என்றார். அப்புறம் நீங்களே சொல்லுங்கள் என்று சவால்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பட்டறையில் ஒரு பொறிகூட இல்லை. மாடியில் இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்தான் வந்தது. இதுவரை வந்ததிலேயே குறைவு.

மன்னிப்புக் கேட்பதைப் போல எனக்குக் கசப்பான வேலை வேறு இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மாணவர்களை மாடியில் உட்கார வைத்துவிட்டு, பட்டறைக்காரரை எதிர்ப்பக்க டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். "தப்பு என்னதுதாண்ணா" என்றேன். "பிஸ்கட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் டீயை ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் பத்துத் தலைகள் தெரிந்தன. ஐந்து இந்தச் சுவர் ஓரம், ஐந்து அந்தச் சுவர் ஓரம். முதுகு நேராக, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது.

பத்து வலது கைகள் ஒன்றாக நீண்டன. ஒரே நேரம். ஒரே வேகம். பரேடு மாதிரி.

நான் டீ கிளாசைக் கீழே வைக்க மறந்து ஓடினேன். சாலையை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை.

தொழிற்சாலையில் அதுதான் ஒழுங்கு. சங்குக்கு முன்னால் மெஷினைத் தொட்டால் தப்பு, சங்கு ஊதிய பிறகு தாமதித்தாலும் தப்பு. ஊதிய நொடியில் கை பச்சைப் பட்டனில் இருக்க வேண்டும். வருஷக்கணக்காக அப்படியே பழகிய கைகள் அவை. எங்கள் சென்டரிலும் ஐந்து ஐம்பத்தைந்துக்கே வந்து, கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சங்குக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நான்தான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்காமல் இருந்தேன்.

பெரிய கம்ப்யூட்டரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் ஒரே நொடியில், நான் யார், நான் யார் என்று கத்துகிறார்கள். பதில் தாமதமானால் மறுபடி கத்துகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் கூப்பிட்டால், இதில் ஏதோ கோளாறு என்று கதவைச் சாத்திக்கொண்டுவிடும் குணம் அதற்கு. பத்து நிமிடம் கழித்துத் தானே திறக்கும். அந்தச் சமயம் பார்த்து நான் போய் ஒவ்வொன்றாகப் போட்டேன். அதற்குத்தான் கை ராசி என்று பெயர்.

மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், "நீங்கள்லாம் கம்பெனி கேட்டுல எப்படி கார்டு பஞ்ச் பண்ணுவீங்க? பத்துப் பேரும் ஒண்ணா மெஷினுக்குள்ள கையை வுடுவீங்களா?" என்று கத்தினேன்.

அண்ணன் மெல்ல எழுந்தார். "அது வரிசை மேடம். முன்ன நிக்கறவன் கார்டை அடிச்சு எடுத்தாத்தான் அடுத்தவன் போடுவான். அப்படித்தானா இதுவும்? இதை மொதல்லியே சொல்ல மாட்டீங்களா?"

பத்தையும் அணைத்து, சாத்திய கதவு திறக்கும் வரை பத்து நிமிடம் பொறுத்து, அப்படியே செய்து பார்த்தோம். முதல் ஆளின் திரையில் "login" வந்ததும் அவர் "ம்" என்பார். அடுத்தவர் சுவிட்சைப் போடுவார். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தும் வந்தன. அறையே கைதட்டியது. அண்ணன் மட்டும் கவலையோடு நின்றார்.

"இப்ப சரி மேடம். நாளைக்கு சங்கு ஊதறப்போ? கை தானாப் போவுமே. நான் ஊருக்குப் போயி வீட்ல சாப்பிட்டுக்கினு இருந்தாக்கூட, பக்கத்து மில்லுல சங்கு ஊதினா கை துடிக்குது."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாங்கள் பதினொரு பேரும் பத்து நிமிடம் அதையே பேசினோம். சங்குக்கு முன்னால் ஆரம்பிக்கலாமா என்றால், பாய் வருவதே ஆறு மணிக்கு. கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பாய் மாடி ஏறி வந்தார். கீழே டெம்போ நின்றது. டெம்போக்காரரோடு மச்சான் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். வளர்ந்த ஆண்கள் ஒன்பது பேர், கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, குளுருதா இவங்களுக்கு?"

"முறை பாய்" என்று சொல்லி வைத்தேன்.

"பத்தாவது ஆள் எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். ஒருவருக்கு ஓவர்டைம், வரவில்லை. பத்தாவது இடம் காலி. பத்தும் வர வேண்டும் என்பது பேச்சு. நான் தொடக் கூடாது என்பதும் பேச்சு.

"பரவால்ல, நான் ஒக்காந்துக்கறேன்" என்று பாய் பத்தாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் பேசியபடி தடுப்புக்குப் பின்னால் போனேன். பெரிய கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்தபடி, சாமி கும்பிட்டேனா திட்டினேனா என்று தெரியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு நீளமாக ஊதினார்களோ. பத்து நாற்காலிகளும் கிறீச்சிட்டன. ஆனால் சுவிட்ச் சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. முதல் ஆள். என் திரையில் ஒரு வரி விழுந்தது.

"ம்."

இரண்டாவது சுவிட்ச். இரண்டாவது வரி.

"ம்."

மூன்று. நான்கு. ஆறாவது ஆள் அவசரப்பட்டார் போல, அண்ணன் "கைய்யி!" என்று அதட்டுவது கேட்டது. ஆறும் வந்தது. ஏழு. எட்டு. ஒன்பதாவது அண்ணன். அவர் "ம்" என்றது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பத்தாவது வரி விழவில்லை. அரை நிமிடம் பொறுத்தேன், ஒரு நிமிடம் பொறுத்தேன். கார்டு போய்விட்டது, அல்லது ஃப்ளாப்பி போய்விட்டது, அல்லது பாயின் நாற்காலி கம்பியை மிதித்துவிட்டது. கீழே டெம்போ ஹாரன் அடித்தது. அப்பா, தகரம், யானை எல்லாம் ஒரு சுற்று கண்ணில் வந்து போயின. பேச்சாவது ஒன்றாவது என்று தடுப்பைத் தாண்டி வெளியே வந்தேன்.

ஒன்பது திரைகளில் வெளிச்சம். பத்தாவது இருட்டு. அதன் முன்னால் பாய், கையிரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாய், நீங்க போடலியா?"

"எல்லாரும் கையை அடியில வெச்சிக்கினு இருந்தாங்க. நீங்க முறைன்னு வேற சொன்னீங்க. அதான் நானும் வெச்சேன்" என்றார். பிறகு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "எது பட்டன்னும் தெரியாது எனக்கு."

எட்டு மாதமாக அவரிடம் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் சென்டருக்கு முதலாளி, ஒருநாளும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அவருக்காக இல்லை, எனக்காக. பட்டன் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டினேன். அவர் கையை எடுத்து, வேட்டியில் துடைத்து, பழக்க தோஷத்தில் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அழுத்தினார்.

வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. பாய் ஒவ்வொரு வரியோடும் தலையை ஏற்றி இறக்கினார். வரிகள் நின்றன. பத்தாவதும் வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்ன பொய் அந்த நிமிடத்தில் உண்மையானது. ஒன்பது பேரும் "ம்" என்று சேர்ந்து சொன்னார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னா கேக்குது டீச்சரம்மா?"

"உங்க பேர் கேக்குது பாய்."

"என் பேரையா?" என்று ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எழுத்துகளைக் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓர் எழுத்தை அழுத்தியதும், அது திரையில் வந்துவிட்டதா என்று பார்ப்பார். வந்திருந்தால் என்னைப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்தது.

பாதிப் பெயர் ஆகியிருக்கும். மச்சான் தடதடவென்று மாடி ஏறி வந்தார். கையில் டேப். "இன்னா மாப்ளே, ஏத்திடலாமா? டெம்போக்காரன் கத்தறான்."

பாய் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"வரிசையில வாங்க மச்சான். ஒம்போது பேருக்கு அப்புறந்தான் எனக்கே வந்துச்சு."